பீருக்குத் தொட்டுக்கொள்ள சாக்லேட்

பீருக்குத் தொட்டுக்கொள்ள என்ன வேண்டும் என்று புதுச்சேரியில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். வேர்க்கடலை, மிக்சர், மிளகுத்தூள் தூவிய அவித்த முட்டை, சுண்டல், கையில் காசு இருந்தால் வறுத்த நெத்திலி. அந்த இடத்தில் ஒருவர் சாக்லேட் என்று சொன்னால், "பெருசுக்கு ஏறிடுச்சு, வீட்டுக்குக் கூட்டிப் போங்கப்பா" என்பார்கள்.

பெல்ஜியத்தில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சாக்லேட்டுக்கும் பேர் போன நாடு அது, பீருக்கும் பேர் போன நாடு அது. 2016-ஆம் ஆண்டு யுனெஸ்கோ, மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகள் பட்டியலில் பெல்ஜியத்தின் பீர் பண்பாட்டைச் சேர்த்தது. அதே ஆண்டு அதே பட்டியலில் நம் நாட்டு யோகாவும் சேர்ந்தது. இரண்டுக்கும் மூச்சை அடக்கத் தெரிய வேண்டும் என்று என் நண்பர் ஒருவர் சொல்வார்.

எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் மகள் கல்யாணமாகி வட பிரான்சில் லீல் நகரத்தில் இருக்கிறாள். அங்கிருந்து பெல்ஜிய எல்லைக்குக் காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. அந்தப் பக்கத்து மக்களுக்குப் பிரான்சின் ஒயினைவிட பீர்தான் நெருக்கம். என் அறுபத்தேழாவது வயதில் அங்கே போய், பீரையும் சாக்லேட்டையும் சேர்த்துச் சுவைக்கக் கற்றுக்கொண்டேன். அதைத்தான் எழுதப் போகிறேன். நடுவில் என் தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவனைச் சொல்லாமல் மதுவைப் பற்றி என்னால் எழுத முடியாது.

முதலில் தொட்டுக்கொள்வதைப் பற்றி. இதில் நாம் வெள்ளைக்காரனிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை. எதற்கு எதைத் தொட்டுக்கொள்வது என்று நம் வீடுகளில் நூறு விதிகள் உண்டு, யாரும் எழுதி வைத்ததில்லை. யோசித்துப் பார்த்தால் எல்லாம் மூன்று வழிக்குள் அடங்கிவிடும். ஒன்று, இனத்தோடு இனம் சேர்ப்பது: தேங்காய் அரைத்து ஊற்றிய ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால். இரண்டு, எதிரும் புதிருமாகச் சேர்ப்பது: தயிர்சாதத்துக்கு மாவடு, அடைக்கு வெல்லம். மூன்று, துடைப்பது: பிரியாணி சாப்பிட்ட பிறகு ஒரு கோலி சோடா. நாக்கில் படிந்த நெய்யைச் சோடாவின் குமிழிகள் கழுவிவிடும், அடுத்த கவளத்துக்கு வாய் தயாராகிவிடும்.

இதோடு ஒரு எச்சரிக்கையும் உண்டு. கேசரி தின்ற வாயில் காபி குடித்தால் சர்க்கரையே போடாத மாதிரி கசக்கும். பெண் பார்க்கப் போன வீட்டில் கேசரியும் காபியும் அடுத்தடுத்து வாங்கிய எல்லோருக்கும் இது தெரியும். காபி மேல் குற்றமில்லை. அதைவிட இனிப்பானது அதற்கு முன்னால் வாயில் போய்விட்டது, அவ்வளவுதான். இந்த மூன்று வழியையும் ஒரு எச்சரிக்கையையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பீரும் சாக்லேட்டும் இதற்குள் அடங்கிவிடும்.

ஆனால் மதுவுக்குத் தொட்டுக்கொள்வதில் நாலாவதாக ஒரு வழி இருக்கிறது. அதை நான் என் வீட்டுத் திண்ணையிலேயே பார்த்தேன்.

நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் எல்.டி.சி.யாகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். பிரெஞ்சு மீடியத்தில் படித்துவிட்டு, இங்கிலீஷில் நோட் எழுதக் கற்றுக்கொண்ட தலைமுறை. என் சர்வீசில் ஏழு வருடம் மது உரிமக் கோப்புகளைப் பார்க்கும் பிரிவில் கழிந்தது. சாராயக்கடை ஏலம், கள்ளுக்கடை ஏலம், உரிமம் புதுப்பித்தல், இருப்புக் கணக்கு. பீர் என்றால் எனக்குப் பல்க் லிட்டர். பிராந்தி, விஸ்கி என்றால் புரூஃப் லிட்டர். ஆயிரக்கணக்கான லிட்டர் என் மேசையைக் கடந்து போயிருக்கிறது, ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. "சர்க்கரை வியாபாரிக்குச் சர்க்கரை நோய் வரக் கூடாதுன்னு சட்டமா சார்?" என்று சக ஊழியர்கள் கேலி செய்வார்கள். நான் சிரித்துவிட்டுக் கூட்டல் போடுவேன்.

என் தம்பி என்னைவிட நாலு வயது சின்னவன். நல்ல கைத்தொழில்காரன், மோட்டார் வைண்டிங் வேலை. அவன் கை பட்டால் எரிந்துபோன மோட்டாரும் சுற்றும் என்பார்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் சாராயக்கடை. கடையில் குடித்தது போதாமல் ஒரு பாட்டிலில் வாங்கிக்கொண்டு வந்து திண்ணையில் உட்காருவான். டம்ளரில் ஊற்றுவான், மூக்கை ஒரு கையால் பிடித்துக்கொள்வான், ஒரே மடக்கு. முகம் கோணும். உடனே கட்டைவிரலால் எலுமிச்சை ஊறுகாயை எடுத்து நாக்கில் இழுப்பான். அப்புறம்தான் மூச்சு விடுவான்.

ஒருநாள் கேட்டேன், "ஏண்டா, இவ்வளவு கஷ்டப்பட்டுக் குடிக்கிறியே, அது என்ன ருசி?"

"ருசியா? அது தெரியக் கூடாதுன்னுதானேண்ணே ஊறுகாய்" என்றான்.

அந்தப் பதிலை நான் மறக்கவில்லை. சாராயத்தின் சுவையைக் கொல்வதற்கு ஊறுகாய். நாலாவது வழி அதுதான். சுவை செத்த பிறகு மிஞ்சுவது போதை மட்டும். எவ்வளவு போதும் என்று போதைக்கு நாக்கு சொல்லாது, கால்தான் சொல்லும். அதுவும் மடங்கி விழும்போதுதான் சொல்லும்.

பள்ளியில் எங்களுக்கு டிக்தே என்று ஒரு வகுப்பு உண்டு. வாத்தியார் பிரெஞ்சில் வாசிக்க வாசிக்க நாங்கள் பிழையில்லாமல் எழுத வேண்டும். ஒருநாள் அதில் 'பியேர்' என்ற சொல் வந்தது. அதற்குப் பீர் என்று ஒரு பொருள், சவப்பெட்டி என்று இன்னொரு பொருள். எழுத்தும் ஒன்று, ஓசையும் ஒன்று, வேர் மட்டும் வேறு வேறு. உடலைப் பெட்டியில் வைப்பதை 'மீஸ் ஆன் பியேர்' என்பார்கள். செத்தவனைப் பீரில் ஊறவைக்கிறார்கள் என்று கடைசி பெஞ்சில் நாங்கள் சிரித்து முட்டி போட்டோம். 2000-ஆம் ஆண்டு, கல்லீரல் கெட்டுப்போன தம்பியை உப்பளம் கல்லறைக்குக் கொண்டுபோனபோது அந்த டிக்தே நினைவுக்கு வந்தது. அவனுக்கு நாற்பத்தாறு வயது. ஆஸ்பத்திரியில் அவன் கடைசி மூன்று வாரம் கூட இருந்து பார்த்துக்கொண்டது என் மகள். அவளுக்கு அப்போது இருபது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் மது என்ற பேச்சே கிடையாது. கிறிஸ்துமஸ் கேக்குக்கு உலர்பழம் ஊறவைக்க என் மனைவி வாங்கும் சின்ன ரம் பாட்டில் மட்டும் விதிவிலக்கு. அதையும் அவள் அரிசிப் பானைக்குள் வைத்திருப்பாள்.

இனி லீலுக்குப் போகலாம். 2017 நவம்பர். மனைவி போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. தனியாக இருக்க வேண்டாம், மூன்று மாதம் வந்து இருங்கள் என்று மகள் டிக்கெட் அனுப்பினாள். போன இரண்டாவது வாரம், உருளைக்கிழங்கு எடுத்து வரலாம் என்று வீட்டுக்குக் கீழே இருக்கும் நிலவறைக்கு இறங்கினேன். மூட்டைக்குப் பின்னால் ஒரு போர்வை. போர்வைக்கு அடியில் பன்னிரண்டு பாட்டில், ஒவ்வொன்றும் ஒவ்வொரு உருவம். பழக்கதோஷம், லேபிளை எடுத்துப் படித்தேன். 33 சென்டிலிட்டர். 7 சதவீதம், 9 சதவீதம், ஒன்றில் 11.3 சதவீதம். நம் ஊர் பீரில் ஸ்ட்ராங் என்று எழுதியதே 8 சதவீதத்துக்குள் நின்றுவிடும்.

பின்னால் மாப்பிள்ளை வந்து நின்றார். "மாமா, அது வந்து... ஆபீஸ்ல குடுத்தது."

"பன்னெண்டையுமா?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பிரான்சில் பிறந்து வளர்ந்த பிள்ளை. இருந்தாலும் மாமனார் வருகிறார் என்று பீரைப் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறார். எனக்கு அவர் மேல் பிரியம் கூடியது. "மாப்ள, இதுல எது நல்லா இருக்கும்?" என்று கேட்டேன்.

மேலே வந்தோம். மகள் பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்களுமாப்பா? சித்தப்பாவ மூணு வாரம் உக்காந்து பாத்தது நான்தான்" என்றாள். குரல் உயரவில்லை.

"நானும்தாம்மா பாத்தேன். குடிக்கணும்னு இல்ல. இத்தனை வருஷம் லிட்டர் கணக்கா எழுதினேன். என்னதான் ருசின்னு ஒரு தடவை பாக்கணும்."

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அலமாரியிலிருந்து மூன்று சின்ன கிளாசை எடுத்து மேசையில் வைத்தாள். "ஒரே பாட்டில். மூணு பேருக்கும் அதுதான். இன்னொண்ணு திறந்தா நான் எழுந்து போயிடுவேன்" என்றாள். வெறும் வயிற்றில் கூடாது, எனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது என்று தொட்டுக்கொள்ள ஏதாவது தேடினாள். "பெல்ஜியத்துல இதுக்குச் சாக்லேட்தான் தொட்டுக்குவாங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. 70 சதவீதம் கொக்கோ உள்ள கறுப்புச் சாக்லேட், ஆளுக்கு ஒரு சின்ன கட்டி.

அன்று திறந்தது ரோஷ்ஃபோர் 10. டிராப்பிஸ்ட் துறவிகள் காய்ச்சும் பீர். டிராப்பிஸ்ட் முத்திரை சும்மா கிடைப்பதில்லை. மடத்தின் எல்லைக்குள் காய்ச்ச வேண்டும், துறவிகளின் மேற்பார்வை இருக்க வேண்டும், வருமானம் மடத்தின் செலவுக்கும் தர்மத்துக்கும் போக வேண்டும். கறுப்புக் கலந்த பழுப்பு நிறம். கிளாசை மூக்கருகே கொண்டுபோனதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக் வாசனை. விவிக்கம் என்று நாங்கள் சொல்லும் அந்த ரவை கேக்குக்காக என் மனைவி ரம்மில் ஊறவைக்கும் உலர்திராட்சையின் வாசனை. அத்திப்பழம், கருப்பட்டிப் பாகு எல்லாம் அதில் இருந்தது. ஒரு வாய் குடித்து, சாக்லேட்டைக் கடிக்காமல் நாக்கில் கரையவிட்டு, அது பாதி கரைந்த நேரத்தில் இன்னொரு வாய் குடிக்கச் சொன்னார் மாப்பிள்ளை. செய்தேன். சாக்லேட்டின் கசப்பு இளகியது. பீரின் இனிப்பு அடங்கியது. நடுவில் புதிதாக ஒன்று வந்தது, வறுத்த முந்திரி மாதிரி. அது பீரிலும் தனியாக இல்லை, சாக்லேட்டிலும் தனியாக இல்லை.

ஏன் இப்படி என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கோப்பு பார்த்தவன் காரணம் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டான். லீல் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். பிரெஞ்சு மீடியம் அங்கே கைகொடுத்தது.

இந்த இரண்டும் உண்மையில் ஒரே வழியில் வளர்ந்தவை. பீர் பார்லியில் தொடங்குகிறது. கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டிக் காயவைத்துக் குழந்தைக்கு மாவு அரைப்போமே, அதே வேலையைப் பார்லிக்குச் செய்தால் அதன் பெயர் மால்ட். அதைச் சூட்டில் உலர்த்துகிறார்கள், கறுப்பு பீருக்கு நன்றாக வறுக்கிறார்கள். பிறகு ஈஸ்ட் புளிக்கவைக்கிறது. கொக்கோவில் இந்த வரிசை திரும்பி நடக்கிறது. காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு விதைகளைக் குவித்து, ஐந்தாறு நாள் புளிக்கவிடுகிறார்கள். அங்கேயும் முதலில் வேலை செய்வது ஈஸ்ட்தான். பிறகு காயவைத்து வறுக்கிறார்கள். புளிக்காத கொக்கோ விதையை வறுத்தால் சாக்லேட்டின் மணம் வராது.

வறுக்கும்போது என்ன நடக்கிறது என்பதைச் சொன்னவர் ஒரு பிரெஞ்சுக்காரர், லூயி கமீய் மய்யார். புரதத்தின் கூறுகளும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் தரும் வினையை 1912-ல் விளக்கினார். தோசை ஓரம் முறுகுவதும், காபிக்கொட்டை கறுப்பதும், மால்ட்டும் கொக்கோவும் மணப்பதும் அந்த வினையால்தான். அதனால் கறுப்பு பீரும் கறுப்புச் சாக்லேட்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. நம் முதல் வழி, இனத்தோடு இனம்.

அதே 1912-ல் பிரசெல்சில் ழான் நொயாஸ் என்பவர் உள்ளே பூரணம் வைத்த சாக்லேட்டைச் செய்தார். அதற்குப் பிராலின் என்று பெயர். 1857-ல் அந்தக் குடும்பம் கடை திறந்தபோது அது மருந்துக்கடை, கசப்பு மருந்துக்கு மேல் சாக்லேட் பூசிக் கொடுத்தார்கள். நான் படித்த பிரெஞ்சில் பிராலின் என்றால் சர்க்கரைப்பாகு பூசிய பாதாம். எல்லை தாண்டி ஒரு கடையில் அதைக் கேட்டேன். கடைக்கார அம்மாள் தட்டு நிறைய பூரண சாக்லேட்டைக் காட்டினார். இது பிராலின் இல்லை என்று நான் சொல்ல, இங்கே இதுதான் பிராலின் என்று அவர் சொல்ல, மாப்பிள்ளை காசு கொடுத்து வழக்கை முடித்தார்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் ஒரு பாட்டில். எட்டு சனிக்கிழமை நடந்தது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பத்தி பிரித்து எழுதி வைத்தேன்: தேதி, பீர், சாக்லேட், குறிப்பு. அதிலிருந்து சொல்கிறேன்.

ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர் மெலிதானது. கின்னஸ் 4.2 சதவீதம்தான். அதன் கறுப்பு வறுத்த பார்லியால் வருகிறது. 1817-ல் இங்கிலாந்தில் டேனியல் வீலர் என்பவர் மால்ட்டை வறுக்க ஒரு உருளைக்குக் காப்புரிமை வாங்கினார், காபிக்கொட்டை வறுக்கும் உருளை மாதிரியானது. நாக்குக்கும் அது கறுப்புக் காபிதான். அதற்குப் பால் சாக்லேட் கொடுத்தால் வாயில் பால் காபி ஆகிவிடுகிறது. ஸ்டவுட் காய்ச்சுகிறவர்கள் சாக்லேட் மால்ட் என்று ஒன்றைச் சொல்வார்கள். அதில் சாக்லேட் ஒரு துளியும் கிடையாது, நிறத்தை வைத்து இட்ட பெயர்.

லீல் பக்கத்துச் சொந்த பீருக்குப் பியேர் த கார்த் என்று பெயர், 'வைத்திருந்து குடிக்கும் பீர்' என்று பொருள். பண்ணை வீடுகளில் குளிர்காலத்தில் காய்ச்சிக் கோடை வேலைக்காகச் சேமித்து வைத்தது. செம்பொன் நிறம், ரொட்டியின் மேல்தோல் வாசனை. ஹேசல்நட் அரைத்த பூரணம் வைத்த பிராலின் இதற்குப் பொருந்தியது. மெஸ்ட்மாலா, வெஸ்ட்மாலா என்று நான் குழம்பிய வெஸ்ட்மால் டப்பலும் பால் சாக்லேட்டோடு நன்றாகப் போனது.

கிரீக் என்பது இரண்டாவது வழிக்கு உதாரணம், தயிர்சாதமும் மாவடுவும். பிரசெல்சைச் சுற்றியுள்ள பகுதியில் லாம்பிக் என்ற பீரை ஈஸ்ட் போடாமலே புளிக்கவிடுகிறார்கள். காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருக்கும் ஈஸ்ட்டே வேலையைச் செய்துவிடும். நம் இட்லி மாவுக்கு யார் ஈஸ்ட் போடுகிறார்கள்? அந்த லாம்பிக்கில் புளிப்புச் செர்ரிப் பழத்தை ஊறவைத்தால் கிரீக். சர்க்கரை சேர்க்காத கிரீக்கை முதல் வாய் குடித்தபோது புளியங்காயைக் கடித்த மாதிரி கண்ணைச் சுருக்கினேன். வெள்ளைச் சாக்லேட்டோடு குடித்தபோது விளங்கியது. வெள்ளைச் சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெயும் பாலும் சர்க்கரையும்தான், தனியாகத் தின்றால் திகட்டும். அந்தத் திகட்டலைப் புளிப்பு பிடித்து நிறுத்தியது.

வெள்ளை பீர் என்று கோதுமையில் செய்யும் ஒன்று உண்டு, ஹூகார்டன் அந்த வகை. அதில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள். தனியா போட்ட பீர் என்று சொன்னதும் மகள் முதல் தடவையாகச் சிரித்தாள். ஆரஞ்சுத் தோல் சேர்த்த கறுப்புச் சாக்லேட்டோடு அது சேர்ந்தது.

சேராததும் உண்டு. ஹாப் பூ நிறையப் போட்ட ஐ.பி.ஏ.வுக்கு 85 சதவீதக் கறுப்புச் சாக்லேட் கொடுத்தோம். பாகற்காய்க்கு வேப்பம்பூ தொட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. நம் ஊரில் கிடைப்பது போன்ற லேகருக்குப் பால் சாக்லேட் கொடுத்தபோது கேசரி-காபி கதைதான், பீர் கசந்து தண்ணீராகிவிட்டது. ஆகையால் விதி இது: பீரின் இனிப்பும் கனமும் சாக்லேட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். லேகருக்கு நம் வேர்க்கடலையே போதும்.

குளிரும் முக்கியம். கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும், நம் வாயின் சூட்டுக்குச் சற்றுக் கீழே. ஐஸ் போல் குளிர்ந்த பீரை ஊற்றினால் அது நாக்கிலேயே மெழுகாக உறைந்துவிடும், ருசியும் மரத்துப்போகும். கனமான கறுப்பு பீருக்கு 12 டிகிரி அளவு போதும். சாக்லேட்டையும் ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. வெளிர் நிறத்தில் தொடங்கிக் கறுப்பில் முடிக்க வேண்டும், நடுவில் தண்ணீரும் வெறும் ரொட்டியும். குமிழிகள் கொழுப்பைக் கழுவ வேண்டும் என்பதால் வாயு போன பீர் உதவாது. அதுதான் மூன்றாவது வழி, சோடா.

குமாஸ்தா புத்தி, கணக்கும் போட்டேன். நம் ஊர் ஸ்ட்ராங் பீர் 650 மில்லி, 8 சதவீதம் என்றால் 52 மில்லி சுத்த ஆல்கஹால். பெல்ஜியத்தின் 9 சதவீத பீர் 330 மில்லியை மூன்று பேர் பகிர்ந்தால் ஆளுக்குப் பத்து மில்லிக்குக் கொஞ்சம் கீழே. சதவீதத்தைப் பார்த்துப் பயந்தேன். பயப்பட வேண்டியது எத்தனை கிளாஸ் என்பதைப் பார்த்து. அந்தப் பத்து மில்லியைக் குடிக்க எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். முகர்ந்து, கரையவிட்டு, எழுதி, வாதாடி, கடைசியில் கிளாசில் ஒரு விரல்கடை மிஞ்சும். மகள் அதை ஞாயிற்றுக்கிழமை கார்போனாத் செய்யும் சட்டியில் ஊற்றுவாள், மாட்டுக்கறியைப் பீரில் வேகவைக்கும் அந்த ஊர்க் குழம்பு. மிச்சம் வைக்க முடிந்தது என்பதை நான் கவனித்தேன். அவளும் கவனித்தாள். என் தம்பி டம்ளரில் எதையும் மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

தம்பிக்குச் சாக்லேட்டும் துறவிகளின் பீரும் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று சொல்ல வரவில்லை. அவனுக்கு வந்தது வியாதி. வியாதிக்கு மருத்துவம் வேண்டும், ருசி போதாது. பெல்ஜியத்திலும் குடியால் அழிகிறவர்கள் உண்டு. அவன் 'தெரியக் கூடாது' என்று சொன்ன அந்த ருசியைத் தெரிந்துகொள்ளத்தான் நான் உட்கார்ந்தேன். அவன் செய்ததும் நான் செய்ததும் வேறு வேறு காரியம் என்று நாக்கில் வைத்துப் பார்த்த பிறகு எனக்கு உறுதியானது.

கடைசிச் சனிக்கிழமை மறுபடியும் ரோஷ்ஃபோர் திறந்தோம். மகள் அதுவரை தன் பங்கைத் தொட்டதில்லை. மூன்று கிளாஸ் வைப்பாள், சாக்லேட்டை மட்டும் சாப்பிடுவாள், அவள் கிளாஸ் மாப்பிள்ளைக்குப் போகும். அன்று கிளாசை எடுத்து வெகுநேரம் முகர்ந்தாள்.

"சித்தப்பா வாசனை இதுல இல்லப்பா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அம்மா வாசனைதான் இருக்கு" என்றாள். கிளாசைக் கீழே வைத்துவிட்டாள். குடிக்கவில்லை. நாங்கள் யாரும் வற்புறுத்தவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு பலர் கேட்கிறார்கள், இங்கே இதைச் செய்ய முடியுமா என்று. முடியும். பொள்ளாச்சி தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கொக்கோ விளைகிறது. நம் ஆரோவில்லிலேயே விதை வாங்கி வறுத்து நல்ல கறுப்புச் சாக்லேட் செய்கிறார்கள். ஸ்டவுட்டும் வெள்ளை பீரும் இப்போது புதுச்சேரிக் கடைகளில் தேடினால் கிடைக்கும். நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டில் வாங்குங்கள், இரண்டாவது வாங்காதீர்கள். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். நான் கேட்டுவிட்டுத்தான் தொட்டேன், வருடத்துக்கு ஒரு தடவைதான் தொடுகிறேன்.

வீட்டில் குடியால் யாரையாவது இழந்தவர்கள் வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்காதீர்கள். அவர்களுக்கு இன்னொரு ஜோடி சொல்கிறேன். சர்க்கரை போடாத, கெட்டியான ஃபில்டர் டிகாக்‌ஷன் ஒரு கால் டம்ளர், இளஞ்சூட்டில். 70 சதவீதச் சாக்லேட் ஒரு கட்டி. கடிக்காமல் கரையவிட்டு, பாதியில் ஒரு வாய். மய்யார் சொன்ன வினை அதிலும் இருக்கிறது. என் வீட்டில் மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளும் அதுதான்.